ஈசான்ய மூலையில் ஒரு போர்வெல்

ஹப்சிகுடாவில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மத்திய அரசு ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரங்கம் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீரியல் சங்கத்தார் அங்கே கூடுவார்கள். நிலத்தடி நீரைப் பற்றி யாராவது பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், அப்புறம் சமோசாவும் டீயும். சமோசா வருகிற நேரத்துக்குக் கணக்காக வந்து சேருகிற உறுப்பினர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் சங்கத்தின் செயலாளர். அதனால் எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி நிரந்தரம்.

போவதில் எனக்குச் சந்தோஷம்தான். நான் தார்நாகாவில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். அங்கே கேட்டதைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வேன். அதிலும் இவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஹைதராபாத்துக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. அதற்குள் குளம் மாதிரியெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்காது, விரிசல்களில்தான் கிடக்கும். விரிசல் இருக்கிற இடத்தில் துளைத்தால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் புழுதி. ஐ.டி. சம்பளம் வந்து ஊரே வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கட்டுகிற எல்லாரும் வாஸ்து பார்த்து, மனையின் வடகிழக்கு மூலையில், அதாவது ஈசான்யத்தில்தான் போர்வெல் போடுவார்கள். "பாறைக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது" என்று இவர் இங்கிலீஷில் சொல்வார். உடனே அரங்கம் சிரிக்கும். எத்தனையாவது தடவை சொன்னாலும் சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பெருமையாகவே.

நாங்களும் ராமச்சந்திராபுரம் தாண்டி ஒரு மனை வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ஆய்வகத்துக் கருவியைக் கொண்டுவந்து, தரையில் இரும்புக் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்திப் பார்த்தார். கீழே எங்கே ஈரம் இருக்கிறது என்று அது காட்டிக் கொடுக்கும். மனையின் தென்மேற்குப் பக்கம்தான் நன்றாக இருந்தது. சுண்ணாம்பால் அங்கே ஒரு வட்டம் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றார்.

மேஸ்திரி வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார். தென்மேற்கில் பள்ளம் தோண்டினால் வீட்டு எஜமானனுக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார். இதை இவர் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாள் சாப்பிடும்போது மறுபடியும் சொன்னார். அப்போது சிரிப்பைக் காணோம்.

"எதுக்கு வம்பு? ஈசான்யத்துலயே போட்டுருவோம்."

"நீங்களா இப்படிப் பேசுதீங்க?" என்றேன். "நீங்க நட்ட கம்பி என்ன சொல்லிச்சு?"

"கம்பி சொல்லுததெல்லாம் சரிதான்."

"பொறவு? ஊருக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கெட."

அதற்கு முந்தின வருஷம்தான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்திருந்தார். பயந்துவிட்டார். பயம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டிருப்பேன். சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நானும் விடவில்லை, நான்கு நாள் அவரோடு மல்லுக்கு நின்றேன். ஐந்தாம் நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது போர் வண்டியை வரவழைத்து, வடகிழக்கு மூலையில் துளைபோட்டு முடித்துவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மனை முழுக்க வெள்ளைப் புழுதி. செருப்புத் தடம்கூட அதில் பதிந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. சுண்ணாம்பு வட்டத்தின் மேல் யாரோ செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

வீடு டேங்கர் தண்ணீரில் எழும்பியது. இவர் சங்கத்தில் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார், சிரிப்பும் வழக்கம்போல எழுந்தது. நான் மட்டும் அந்தக் கிழக்கு மேற்கு வரி வரும்போது கைப்பையில் எதையாவது தேட ஆரம்பித்தேன்.

அந்த வருஷம் சங்கம் அதே அரங்கத்தில் நடத்திய மாணவர் அறிவியல் விருது நாளுக்கு என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிப் போயிருந்தேன். அவர்கள் செய்த மாடல் ஒன்று ஓரத்து மேஜையில் இருந்தது. இறுதிச் சுற்றுக்கு வரவில்லை என்றாலும் பார்க்கட்டும் என்று எனக்குப் பின்வரிசையில் உட்கார வைத்தேன். நான் வகுப்பில் அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு: அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் நம்பாதீர்கள். அதைச் சொன்னதற்காகவே அந்தப் பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும். எனக்கு அது தெரியும். அந்த மரியாதையில்தான் நான் டீச்சர் என்று நிமிர்ந்து நடந்தேன்.

பட்டான்செருவிலிருந்து ஒரு அரசுப் பள்ளி மாணவி மேடைக்கு வந்தாள். இரட்டைப் பின்னல், தெலுங்கில் தெளிவான பேச்சு. தன் வீட்டைச் சுற்றிப் புதிதாக முளைக்கிற காலனிகளில் ஒவ்வொரு மனையாகப் போய், போர் எந்த மூலையில் போட்டார்கள், தண்ணீர் வந்ததா என்று கேட்டிருக்கிறாள். எங்கள் மனை இருக்கிற காலனிக்கும் போயிருக்கிறாள். செயலாளர் ஐயா தங்கள் பள்ளிக்கு வந்து பேசியதைக் கேட்டுத்தான் இந்த யோசனை வந்தது என்று சொன்னாள். மேடையில் நடுவராக உட்கார்ந்திருந்த இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

திரையில் ஒவ்வொரு போட்டோவாக வந்தது. ஒரு போட்டோவில் புழுதி கக்குகிற போர் வண்டி, பக்கத்தில் கட்டம் போட்ட தொப்பி வைத்த ஒரு மனிதர். கையில் தேங்காய், காலடியில் கற்பூரம் எரிகிறது. அவள் தெருவிலிருந்து எடுத்த படம். எடுத்தபோது முகம் சின்னதாக இருந்திருக்கும். திரையில் அது கதவளவு பெரிதாகிவிட்டது. "படித்தவர்கள்கூட ஈசான்யத்தைத்தான் நம்புகிறார்கள். இந்த இடத்தில் தண்ணீர் வரவில்லை" என்று சொல்லி முடிக்கும்போதுதான் அவளே திரையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மேடையைப் பார்த்தாள். அந்தத் தொப்பி இவருக்கு முன்னால் மேஜைமேல்தான் இருந்தது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு நான்கு பேர். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

இவர் மைக்கை எடுத்தார். உள்ளதைச் சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"ஹோம் மினிஸ்டர் ஆர்டர்! நான் என்ன செய்ய முடியும்?" என்று இங்கிலீஷில் சொல்லி, கையை நீட்டி முன்வரிசையில் என்னைக் காட்டினார்.

அரங்கம் வெடித்தது. பாறைப் பேச்சுக்கு வந்த சிரிப்பெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பின்வரிசையிலிருந்து என் பிள்ளைகளில் ஒருத்தி, "மேடமா?" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்குக் காது மடல்கள் தீயாக எரிந்தன. எழுந்து நின்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்டாட்டி வாஸ்து பைத்தியமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மூலைக்குப் பயந்த விஞ்ஞானியின் பேச்சை அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்? இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியதா, இல்லை அப்புறமாக நானே சொல்லிக்கொண்ட சமாதானமா, தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது நான் செய்ததுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வெட்கப்படுகிறவள்போல நானும் சிரித்தேன்.

முதல் பரிசு அந்தப் பெண்ணுக்குத்தான். இவரே கொடுத்தார், தோளில் தட்டிப் பாராட்டினார். எவ்வளவு பெருந்தன்மை என்று பக்கத்தில் இருந்த அம்மாள் என்னிடம் சொன்னாள். அவமானம் வந்தால் கோபம் வரும் என்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உடம்பு கூசியது, அவருக்காகவும் எனக்காகவும் சேர்த்து.

டீ நேரத்தில் இவர் பக்கத்தில் வந்து, "தமாஷுக்குச் சொன்னேன், பெருசா எடுத்துக்கிடாத" என்று தமிழில் கிசுகிசுத்தார். நான் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

அவர் போனதும் அந்தப் பெண் வந்தாள். கேடயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஸாரி ஆண்ட்டி, உங்கள் வீடு என்று தெரியாது" என்றாள். பரவாயில்லை என்றேன். அவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து, இதுதான் பாறை, இடுக்குதான் விரிசல் என்று காட்டி, பொறுமையாக, நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வேனே அப்படி, எனக்கு விளக்கினாள். நடுநடுவே எனக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்தாள்.

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சமோசாத் தட்டோடு சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மா அம்ம கூடா அந்தே ஆண்ட்டி" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்க அம்மாவும் அப்படித்தான். மெதுவாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்றாள்.

"சரிம்மா" என்றேன். "இனிமேல் நம்ப மாட்டேன்."