ஃப்ளோராவின் அறுநூறு வரிகள்

ஃப்ளோராவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு என் வாய்மீதுதான் முதலில் கோபம் வரும். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவள் நான். அவள் ஜங்ஷன் ரோட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் டைப் அடிக்கிற பெண். அதில் அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல்.

2003-இல் எங்கள் முதலாளி மாணிக்கவேலிடம் வந்து நின்றாள். சூளையின் எண்ணெய் வால்வைக் கம்ப்யூட்டரே திருப்பும், புரோகிராம் நான் எழுதுகிறேன் என்றாள்.

"ஒரு சூள சுட்டுக் காட்டும்மா. ஒரு பொம்மகூட வெடிக்கக் கூடாது. வெடிக்கலன்னா ஆறு சூளைக்கும் ஒன் புரோகிராமுதான்" என்றார் அவர்.

நிமிடத்துக்கு ஒரு வரியாக, பத்து மணி நேரத்துக்கு அறுநூறு வரி அடித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் தாளில் எடுத்து முடிக்கவும் சென்டரில் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஓட்டிப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம். முதலாளி பொறுப்பாரா? எட்டரைக்கே கற்பூரம் காட்டிச் சூளையைப் பற்றவைத்துவிட்டு மங்கலம்பேட்டைக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர்தான் வந்துவிட்டதே என்று வால்வு பார்க்கிற காத்தவராயனுக்கு லீவு கொடுத்து நல்லூருக்கும் அனுப்பியாயிற்று. உள்ளே கிறிஸ்துமஸ் குடிலுக்கு எழுபது பொம்மை.

எழுதினதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலராம். சூளைக்குப் பக்கத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டரில் அந்தக் கம்பைலர் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றுவிட்டது.

"மெமரி பத்தலைங்குதுக்கா."

"பத்தலன்னா? சூள ஏறிக்கிட்டு இருக்குதுடி!"

அணைத்துப் போட்டாள். அதே வரியில் நின்றது. தன் ஞாபகத்துக்கு எழுதிவைத்த குறிப்புகளையெல்லாம் அழித்தாள். முந்நூற்று நாற்பது வரை போய் நின்றது. மெமரியைத் தின்கிறது என்று நீலத் திரையை மூடிவிட்டுக் கறுப்புத் திரையில் கட்டளை அடித்தாள். நானூற்றுப் பதினைந்தாம் வரியில் நின்றது. "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டே அடித்தாள். வால்வு முதலாளி வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்க, நான் சூளைக்கும் அவளுக்குமாக ஓடி ஓடிச் சூட்டைச் சொன்னேன். நானூற்று எண்பது டிகிரி. ஐந்நூற்றுப் பத்து.

ஐந்நூற்று எழுபதைத் தாண்டும்போது நெருப்பை அடக்கி மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மண் படபடவென்று விரிசல் விட்டுவிடும். ஐந்நூற்று நாற்பது என்று நான் கத்தினபோது, பற்றவைத்து இருநூற்றைம்பது நிமிடம் ஆகியிருந்தது, ஃப்ளோரா எழுந்தாள். நேற்று எடுத்த தாளை என் கையில் திணித்துவிட்டு வால்வுக்கு ஓடினாள்.

"இருநூத்தி அம்பதாவது வரியிலேருந்து படிங்கக்கா!"

நான் படித்தேன், அவள் திருப்பினாள். நிமிடத்துக்கு ஒரு வரி. சூளைச் சூட்டில் முகம் வெந்தது. அடுத்த வரி வந்துவிடும் என்று தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை பாவி மகள். நானூறாவது வரிக்குப் பக்கத்தில் திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"ரெண்டா வெட்டியிருக்கணும்க்கா! ரெண்டு ஃபைலா வெட்டித் தனித்தனியா கம்பைல் பண்ணி அப்புறம் சேத்திருந்தா ஓடியிருக்கும். இப்பத்தான் தோணுது பாருங்க."

"போயி வெட்டேன்டி!"

"இத வுட்டுட்டு எப்டிக்கா போவேன்? நீங்க படிங்க."

சாயங்காலம் ஆறரைக்கு அறுநூறாவது வரி முடிந்தது. அவள் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

திங்கட்கிழமை சூளையைத் திறந்தோம். எழுபதும் முழுசு. ஆட்டுக்குட்டியின் காதில்கூட ஒரு கீறல் இல்லை.

"கம்ப்யூட்டருன்னா கம்ப்யூட்டருதான்யா!" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் பட்ட பாட்டுக்கு வந்த பேரை ஏதோ ஒரு பெட்டி தட்டிக்கொண்டு போவதா? ஃப்ளோராவின் கையைப் பிடித்து அவர் முன்னால் விரித்துக் காட்டினேன்.

"கம்ப்யூட்டரு எங்கங்க ஓடுச்சு? இந்தக் கைய பாருங்க. ஆறு மணி நேரம் இந்தப் பொண்ணுதான் நின்னு திருப்புச்சு!" பெருமையாகத்தான் சொன்னேன்.

முதலாளி கையைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அட! அப்ப அந்தப் பொட்டி எதுக்கு? தூக்கிடலாம். நீயே வால்வுக்கு வந்துடும்மா."

"சார், ரெண்டா வெட்டினா ஓடும் சார், நாளைக்கே..." என்று அவள் பின்னாலேயே போனாள். அவர் அதற்குள் அடுத்த சூளையில் ஆளை விரட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஒரே ஒரு நாளு பொறுத்திருக்கக் கூடாதாக்கா?" என்றாள்.