‘எடுத்துட்டேன்’

திருச்சி மன்னார்புரத்தில் ஷேக் தாவூதின் பட்டறைக்கு வேலைக்கு வருகிறவன் யாராக இருந்தாலும் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். கரண்டைப் பற்றிப் பேசும்போது ‘எடு’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. ஸ்பேனரை எடுக்கச் சொல்லலாம், டீயை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், அதில் தகராறு இல்லை. ஆனால் வயரில் கரண்ட் இருந்தால் ‘ஓடுது’ என்றும், இல்லாவிட்டால் ‘நின்னுடுச்சு’ என்றும் மட்டும்தான் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கும் மருதை, பாய்க்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது, அடுத்தபடியாக ‘எடு’ ஒத்துக்காது என்று வருகிற லாரி டிரைவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தாவூது கோபித்துக்கொள்ள மாட்டார். காரணத்தையும் சொல்ல மாட்டார்.

காரணம் ஷார்ஜாவில் இருந்தது.

தாவூது பிறந்து வளர்ந்தது அதே திருச்சியில் பாலக்கரை. லாரிப் பட்டறையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டு, முப்பத்தேழு வயதில் ஷார்ஜாவுக்குப் போய் ஒரு கேரவன் யார்டில் சேர்ந்தார். கேரவன் என்றதும் நம்மூரில் சினிமாக்காரர்கள் ஏறி உட்காருகிற பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். இது அது இல்லை. எஞ்சின் கிடையாது, இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான். குளிர்காலம் வந்தால் அரபிகள் இதை ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், பாலைவனத்தில் நிறுத்திக் குடும்பத்தோடு தங்குவார்கள்.

இந்த வண்டியில் இரண்டு கரண்ட் உண்டு. ஓடும்போது பின்னால் எரிகிற விளக்குக்கும் பிரேக்குக்கும் பேட்டரி கரண்ட். ஓரிடத்தில் நிறுத்தி வெளியிலிருந்து கேபிள் மாட்டினால் ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் வீட்டுக் கரண்ட். முன்னது தொட்டால் ஒன்றும் செய்யாது, பின்னது ஆளையே தூக்கிவிடும். அதனால் யார்டில் ஒவ்வொரு கேரவனுக்கும் ஜோடி போட்டுத்தான் அனுப்புவார்கள். வண்டி வயரிங் தெரிந்தவன் ஒருவன், வீட்டு வயரிங் தெரிந்தவன் ஒருவன். தாவூதுக்கு ஜோடியாக வாய்த்தவன் ரெஜிஸ்.

ரெஜிஸும் பாலக்கரைதான், அடுத்த தெரு. ஊரில் இருந்தவரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கடல் தாண்டிப் போய்த்தான் மச்சான் மச்சான் என்று ஆனார்கள். பத்து வருஷம் ஒரே ரூம். நோன்புக் காலத்தில் ரெஜிஸ் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அலாரம் வைத்து எழுப்பிவிடுவான். கிறிஸ்துமஸுக்குத் தாவூது பிரியாணி கிண்டுவார். ஒருவர் வேலையை மற்றவர் முழுசாகக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்ளாமல் விட்டது ஒரே ஒரு சொல்லை. லாரிப் பட்டறையில் ‘லைன் எடு’ என்றால் பேட்டரியிலிருந்து கரண்டை இழுத்துக் கொண்டு வா என்று பொருள். வீட்டு வயரிங்காரன் ‘லைன எடு’ என்றால் இணைப்பைக் கழற்று, கரண்டை நிறுத்து என்று பொருள். எழுதிப் பார்த்தால் நடுவில் ஒரு எழுத்து வித்தியாசம் தெரியும். ஜெனரேட்டர் இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது? பத்து வருஷமும் இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள், எந்த ‘எடு’ என்பதைக் கை சொல்லிவிடும். அதனால் குறை தெரியாமலே போயிற்று.

அன்றைக்கு நடுவில் ஒரு கேரவன் சுவர் இருந்தது. காலையில் போட்ட இணைப்பில் கரண்ட் ஒழுங்காக வரவில்லை என்று, வேறு இடத்திலிருந்து லைன் எடுக்கத் தாவூது வெளியே மெயின் பெட்டிக்குப் போனார். அந்த நேரத்தில் எர்த் வயரை மாற்றிவிடலாம் என்று உள்ளே ரெஜிஸ் போர்டைத் திறந்துவிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான்.

“மச்சான், லைன எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

தாவூது அப்போதுதான் புது இடத்தில் லைனைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பினார். அவர் சொன்னது பொய் இல்லை. கேட்டவன் கேட்டதும் தப்பு இல்லை. டெஸ்டர் ரெஜிஸின் சட்டைப் பையிலேயே இருந்தது. தொட்டுப் பார்த்திருக்கலாம். தாவூது சொன்ன பிறகு எதற்கு என்று விட்டுவிட்டு வயரில் கை வைத்தான். எட்டு வருஷம் ஆகியும் தாவூதின் நெஞ்சை அறுப்பது அதுதான். தன் வாய்ச்சொல்லை ஒருவன் டெஸ்டருக்கு மேலாக நம்பியிருக்கிறான்.

யார்டிலும் போலீஸிலும் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். நடந்த பேச்சைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் ஜெயில் என்று பயந்தார். பயப்படாத மனுசன் யார்? அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அதன் பிறகு திருச்சியில் நடந்தது.

ரெஜிஸின் உடலோடு அவரும் விமானத்தில் வந்தார். ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்க வந்திருந்த ரெஜிஸின் அண்ணன், தாவூதைத் தனியே கூட்டிக்கொண்டு போய், அவன் குடித்திருந்தானா, உண்மையைச் சொல் என்று கேட்டார். கேட்டதற்கு நியாயம் இருந்தது. கல்யாணமான புதிதில் ரெஜிஸ் மொடாக்குடியன். ஆனால் மகள் ப்ரீத்தி பிறந்த வருஷம் லீவில் வந்தபோது, சகாய மாதா கோவிலில் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, இனித் தொடமாட்டேன் என்று மனைவி பேட்ரிசியாவிடம் சத்தியம் செய்தான். அதிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. ஒரே ரூமில் இருந்த தாவூதுக்கு அது தெரியாதா? ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், பின்னே எப்படித்தான் நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். தாவூது தலையைக் குனிந்துகொண்டார்.

மௌனம் சம்மதம். ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? அடக்கம் முடிவதற்குள் பாலக்கரை முழுக்க ரெஜிஸ் போதையில் கரண்டில் கை வைத்துச் செத்தவனாகிவிட்டான்.

தாவூது திரும்பி ஷார்ஜாவுக்குப் போகவில்லை. மன்னார்புரத்தில் பட்டறை போட்டார். பக்ரீத் கறியில் ஒரு பங்கு பேட்ரிசியா வீட்டுக்குப் போகும். ப்ரீத்தியின் ஸ்கூல் அட்மிஷனுக்கு அவர்தான் கூட நின்றார். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று பேட்ரிசியா சொல்லும்போதெல்லாம், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மனைவி ஷரபுன்னிசாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். சொல்லிடுங்க, அல்லாஹ் மன்னிச்சாலும் அந்தப் பொண்ணு மன்னிக்காம உங்களுக்கு விடுதலை இல்லை என்று அவள் வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள். பார்க்கலாம் என்பார். பார்க்கலாம் என்றே எட்டு வருஷம் போயிற்று.

இந்த வருஷம் பேட்ரிசியாவே ஒரு கேரவனோடு வந்து நின்றாள். ஒரு டாக்டர் ஊர் ஊராகக் கண் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போன வண்டி, ஏதோ குடோனில் கிடந்ததாம். அதை வாங்கி டிபன் கடையாக்கி, ஜீயபுரம் ரோட்டோரத்தில் நிறுத்தப்போகிறாள். உள்ளே ஃபிரிட்ஜ், கிரைண்டர், புகையை வெளியேற்ற ஃபேன் எல்லாம் வேண்டும். பழைய வயரை முழுக்க உருவிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இந்த வேலை தெரிந்த ஆள் திருச்சியில் உங்களை விட்டால் யாருண்ணே என்றாள்.

தாவூதுக்குத் தட்டிக்கழிக்கத்தான் தோன்றியது. முடியாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் வேலை. அந்த வண்டிக்கு அவர் பார்த்தமாதிரி வேறு எந்த வண்டிக்கும் பார்த்ததில்லை. கேரவன் ரப்பர் டயரில் நிற்பது, அதனால் கசிகிற கரண்ட் மண்ணுக்கு இறங்க வழி கிடையாது. தகர உடம்பிலேயே தங்கி, அடுத்துத் தொடுகிறவனைப் பிடிக்கும். அதற்காகத் தகரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் தனித்தனியாக எர்த் கொடுத்து, வண்டி நிற்கிற இடத்தில் மண்ணில் அடிக்க ஒரு செம்புக் கம்பியும் செய்தார். கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடுகிற இ.எல்.சி.பி. ஒன்று போதும். அவர் இரண்டு வைத்தார். பாய், இது டிபன் கடையா ராக்கெட்டா என்று மருதை கேட்டான். அவர் இரண்டாவதின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் பேட்ரிசியா வண்டியைப் பார்க்க வந்தாள். பத்தாவது படிக்கும் ப்ரீத்தி ஸ்கூல் யூனிஃபார்மோடு கூட வந்தவள், வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்ரிசியா உள்ளே ஏறி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நாளைக்குப் பெயிண்டர் வருகிறான், பேர் எழுத வேண்டும் என்றாள். என்ன பேர் என்று தாவூது கேட்டார்.

அவள் முகம் மாறியது. ப்ரீத்தி அப்பா பேரை வைக்கணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றாள்.

“நான் முடியாதுன்னுட்டேண்ணே. மாதா முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, அங்க போய்க் குடிச்சுச் செத்த மனுசன். அவர் பேரைப் போட்டுச் சோறு விக்க எனக்கு மனசு வரலை.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தாவூதின் நெஞ்சு அன்றைக்கு வெடித்தது. செத்தவனுக்கு மிச்சமிருந்தது ஒரு பேர். அதையும் தான்தான் தின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு இதைவிடத் தெளிவாக என்றைக்கும் தெரிந்ததில்லை. அவளைக் கேரவன் பெஞ்சில் உட்காரச் சொன்னார். தான் தரையில் உட்கார்ந்துகொண்டார். ரெஜிஸ் என்ன கேட்டான், தான் என்ன சொன்னோம், அந்தச் சொல்லுக்கு இரண்டு பேருக்கும் என்னென்ன அர்த்தம், ஏர்போர்ட்டில் ஏன் தலையைக் குனிந்தோம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அவன் குடிக்கலம்மா. பிள்ளையைத் தூக்கி சத்தியம் பண்ண நாள்லேர்ந்து அவன் குடிக்கவே இல்ல.”

பேட்ரிசியா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலை. தன் மடியைப் பார்த்தபடியே பேசினாள்.

“வாய் தவறுனது ஒரு நிமிஷம்ண்ணே. அது யாருக்கும் வரும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தது எட்டு வருஷம்.”

பிறகு எழுந்து கேரவன் கதவருகே போய் மகளைக் கூப்பிட்டாள். எங்கிட்ட சொன்னது பத்தாது, இவகிட்டயும் சொல்லுங்க என்றாள். தாவூது மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ப்ரீத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப, எங்கப்பா அன்னிக்குக் குடிக்கலையா மாமா?”

“இல்லம்மா.”

அவள் தன்னைத் திட்டுவாள், அடிப்பாள், எது செய்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தாவூது காத்திருந்தார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

“ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பாகிட்டப் போகணும்னு அழுதேன். குடிகாரனுக்கு என்ன மெழுகுவர்த்தின்னு சொல்லி, ஒரு தடவைகூட நீங்க என்னைய விடலை.”

தப்பு உங்க அம்மாவோடது இல்லம்மா, என்னோடது என்று தாவூது தொடங்கினார். பேட்ரிசியா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். இப்பவும் பேசாமலே இருங்க என்றாள். ப்ரீத்தி ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். தாய் பின்னாலேயே இறங்கிப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் நிற்கவில்லை.

தாவூது பட்டறை வாசலுக்கு வந்து பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் இருவரும் தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். பேட்ரிசியா ஒருமுறை நெருங்கிப் போனாள், ப்ரீத்தி இன்னும் நாலடி நகர்ந்துகொண்டாள். சொல்லிவிட்டால் நெஞ்சின் பாரம் இறங்கிவிடும் என்று ஷரபுன்னிசா சொல்லியிருந்தாள். பாரம் இறங்கத்தான் செய்தது. அதை எங்கே இறக்கி வைத்தோம் என்பதை அவர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.