அம்மா கொடுத்தனுப்பிய வசனம்

போன மாதம் ஒரு பேட்டியில் அப்பா பொய் சொன்னார். செல்போனில் பார்த்தேன். தாடி வெளுத்து, கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பெரிய மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்தவன் அந்தச் சாவுக் காட்சியைப் பற்றிக் கேட்டான். அதில் சின்னப் பிள்ளை பேசும் வசனம் எப்படி வந்தது என்றான்.

"அது அந்த இடத்துல தோணுச்சு தம்பி. எங்கிருந்து வருதுன்னு நமக்கே தெரியாது. கலைன்னா அதுதான்" என்றார்.

எனக்குத் தெரியும் எங்கிருந்து வந்தது என்று. தென்காசியில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது. தூக்கிக்கொண்டு போனவள் நான்.

அப்பா குணச்சித்திர நடிகர். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. முகத்தைக் காட்டினால் எல்லோருக்கும் தெரியும். கதாநாயகனின் அப்பா, கதாநாயகியின் தாய்மாமன், லஞ்சம் வாங்காத தாசில்தார், யாருக்கும் கெடுதல் நினைக்காத வாத்தியார். எந்த வேடத்தில் வந்தாலும் செத்துப்போவார். அவர் செத்தால்தான் கதாநாயகனுக்குக் கோபம் வரும், கதை நகரும். பார்த்ததும் பாவப்படத் தோன்றும் முகம் அவருக்கு. அதை வைத்தே பிழைத்தார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலம். அவர் படம் தியேட்டருக்கு வரும் வாரம் கூடப் படிக்கும் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொள்வார்கள்.

"ஏட்டி, ஒங்கப்பா இதுல எடவேளைக்கு முந்திச் சாவாரா, பொறவு சாவாரா? சொல்லிட்டேன்னா நாங்க முறுக்கு வாங்க எந்திரிச்சுப் போவோம்லா."

நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

அப்பாவின் ஊர் வீரகேரளம்புதூர். அவருடைய அண்ணன் தம்பிகள் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். இவர் சென்னைக்குப் பஸ் ஏறினார். பலரிடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, கடைசியில் ஒரு படம் இயக்கினார். ஒன்றே ஒன்று. அது தென்காசியில் வெளியான அன்று அம்மா வீட்டுச் சொந்தம் மொத்தமும் தியேட்டரில் இருந்தது. நான் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது என்பதால் அம்மா மட்டும் போகவில்லை. படம் விட்டு வெளியே வந்ததும் அம்மாவின் பெரியப்பா நடுத்தெருவில் நின்று அப்பாவின் தோளில் கை போட்டிருக்கிறார்.

"மருமவனே, சும்மா சொல்லக் கூடாது. அந்த எடவேள இருக்குல்லா, அது ரொம்பப் பிரமாதம்."

தெருவே சிரித்ததாம். அப்பா வீட்டுக்கு வந்து பையைத் தூக்கினார். தன்னுடைய அடுத்த படத்தின் போஸ்டர் இந்த ஊர்ச் சுவரில் ஒட்டிய பிறகுதான் தென்காசியில் கால் வைப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த படம் வரவே இல்லை. யாரோ ஒரு நண்பர் சும்மா ஒரு பிண வேடம் கொடுத்தார், நடிகராகிவிட்டார். அவர் முகம் போட்ட போஸ்டர்கள் ஊர்ச் சுவரில் ஒட்டத்தான் செய்தார்கள். கட்டைவிரல் அளவில், மாலை போட்ட படமாக. அது கணக்கில் சேராதாம். ஆண்கள் இதற்கு வைராக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

முழுப்பரீட்சை லீவுக்கு அம்மா என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போவாள். அவர் மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு தங்கியிருந்தார். பெண்களை உள்ளே விடமாட்டார்கள். கடற்கரையில் பார்ப்போம், ஓட்டலில் சாப்பிடுவோம், ரயில் ஏறிவிடுவோம். பிறகு அதுவும் நின்றுபோனது. அம்மா ஜவுளிக்கடையில் பில் போட்டாள். நானும் அவளும் மட்டும்தான் வீட்டில். அப்பா எப்போதாவது போனில் வருவார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வருடம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடையில் நின்றார். ஒருநாள் வீட்டுக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"எக்கா! அத்தான் குத்தாலத்துல இருக்காரு. ஷூட்டிங் சமையல்காரன் கத்திரிக்கா வாங்க வந்தான், அவன் சொல்லுதான். வந்து நாலு நாளாச்சாம். இங்கனருந்து இந்தா இருக்கு குத்தாலம், ஒரு எட்டு வந்தா என்ன?"

அம்மா எழுந்தாள். அடுப்படிக்குள் போனாள். தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பால் பிழிந்து சொதி வைத்தாள். கல்யாண வீட்டு மறுநாள் விருந்துக்கு வைப்பார்களே, அந்தச் சொதி. இஞ்சித் துவையலும் அரைத்தாள். பிறகு எனக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டாள்.

"மாமாகூடப் போ. அப்பாட்ட இத மட்டும் சொல்லு. அம்மா ஒரு நேரம் வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போவச் சொன்னா. வேற ஒண்ணும் பேசாண்டாம். அழக் கூடாது. கேட்டியா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு நேரச் சாப்பாடு. அவர் வந்து அந்தத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால், அம்மா இத்தனை வருடம் காத்திருந்ததற்கு ஏதோ ஒரு அர்த்தம் வந்துவிடும். எனக்கு அது அப்போதே கொஞ்சம் புரிந்தது. மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு. முற்றத்தில் பெஞ்சு போட்டு அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணிக்கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கழுத்தில் ரோஜா மாலை. சாரல் விழுந்ததால் ஷாட் நின்றிருந்தது. மற்றவர்கள் எல்லாம் தாழ்வாரத்தில் ஒதுங்கி டீ குடித்தார்கள். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மாலை கலையும், காசு நகரும், முந்தைய ஷாட்டோடு ஒட்டாது என்றார்கள். ஓர் ஆள் பிணத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதென்னலே கூத்து" என்றார் மாமா. என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "ஏட்டி, போயிச் சொல்லு."

நான் குடைக்குக் கீழே போய் நின்றேன். "அப்பா" என்றேன். குடைக்காரன் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். நான் சொன்னேன்.

"அம்மா ஒரு நேரம்..."

அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

"...வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போவச் சொன்னா."

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். என்னைப் பார்த்தார். மூக்குப் பஞ்சு அசைந்தது. திரும்பவும் மூடிக்கொண்டார். வாய் கட்டியிருக்கிறது, அதனால் பேசவில்லை, ஷாட் முடிந்ததும் பதில் சொல்வார் என்று நினைத்து மாமாவிடம் திரும்பி வந்தேன்.

சாரல் விட்டது. கதைப்படி அப்பா அந்தப் பங்களாவின் காவல்காரர். முதலாளி வீடே கதி என்று கிடந்து அங்கேயே செத்துப்போகிறார். காவல்காரரின் மகளைக் கூட்டிவருகிறார்கள். மகளாக நடித்தது சென்னையிலிருந்து வந்த ஒரு பிள்ளை. என் வயதுதான், என்னைவிடச் சிவப்பு. ஏதோ நீளமாக ஒரு வசனம், எங்களைத் தவிக்கவிட்டுப் போய்விட்டீர்களே என்ற மாதிரி. கிளிசரின் போட்டதில் கண்ணீர் கொட்டியது, அழுகை வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இயக்குநர் சின்ன வயதுக்காரர். அப்பா இயக்கிய அந்த ஒரே படத்தில் அவரிடம் உதவியாளராக இருந்தவராம். வெளிச்சம் போகுது, வெளிச்சம் போகுது என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பிணம் கையைத் தூக்கியது.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். தாடைக்கட்டை அவரே அவிழ்த்தார், பஞ்சை உருவி எறிந்தார். காசு எங்கேயோ உருண்டது. "சார், கன்டினியூட்டி!" என்று யாரோ அலறினார்கள். அப்பா காதில் வாங்கவில்லை.

"தம்பி, இந்த வசனத்தைத் தூக்கிடு. இந்தப் பிள்ளைக்கு அப்பன் செத்ததே தெரியாது. சாப்பிடக் கூப்பிட வந்திருக்கு. அவ்வளவுதான் சீன்."

பிறகு அந்தப் பிள்ளையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, நீ அழவே வேண்டாம். அப்பா தூங்குறாருன்னு நினைச்சுக்கோ. 'அப்பா, அம்மா ஒரு நேரம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னா.' இவ்வளவுதான். சொல்லு."

"அம்மா ஒருவாட்டி வீட்டுக்கு..."

"ஒருவாட்டி இல்ல. ஒரு நேரம். ஒரு நேரம்னு சொல்லி நிறுத்து. எச்சில முழுங்கு. பிறகு மிச்சத்தைச் சொல்லு."

நான் விழுங்கின இடம் அது. ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்தவர் அதையும் விடவில்லை.

பார்த்துக்கொண்டு நின்ற மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. அவருக்கு என்ன கோபம் என்று அப்போது தெரியவில்லை. என் கோபம் வேறு. என் வசனத்தை வாங்கி இன்னொருத்திக்குக் கொடுக்கிறார், நான் இங்கேதானே நிற்கிறேன் என்பது.

எல்லாவற்றையும் மறுபடி கட்டி, மாலையைச் சரிசெய்து எடுத்தார்கள். அந்தப் பிள்ளை சொன்னது. எச்சிலை விழுங்கியது. அப்பா அசையாமல் கிடந்தார். 'கட்' சொல்ல இயக்குநருக்குக் குரல் வரவில்லை. குடைக்காரன் அழுதான். டீ கொடுக்கிற பொம்பளை அழுதாள். மாமாகூடத் துண்டால் மூக்கைத் துடைத்தார், துடைத்துவிட்டு, "த்தூ" என்றார்.

பிணமாக நடித்தவரை அப்படியே அனுப்ப மாட்டார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பிறகு கேமராவைப் பார்த்து ஒரு தரம் சிரிக்கச் சொன்னார்கள். செத்தவர் செத்தவராகவே படத்தில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்கிற சாங்கியம் அது. பெரும்பாலும் கடமைக்குப் பல்லைக் காட்டிவிட்டுப் போவார்களாம். அப்பா அப்படிச் சிரிக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார். எங்களோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்த எந்த நாளிலும் அவரிடம் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. பல வருடம் கழித்து ஒரு சீனை இயக்கிவிட்டார் அல்லவா.

மாமா நேரே போய் நின்றார்.

"அத்தான், வண்டி நிக்கி. ஏறும். அக்கா சொதி வச்சிருக்கா."

"பொணமா நடிச்ச ஒடம்போட வீட்டுப்படி ஏறக் கூடாது மாப்ள."

"குத்தாலத்துல நின்னுக்கிட்டுத் தண்ணி இல்லங்கீரா? அந்தா விழுது அருவி. தலையக் குடுத்துட்டு வாரும்."

"நாளைக்கும் பொணந்தான். இந்த ஷெட்யூல் முழுக்கப் பொணந்தான்லே. முடிச்சிட்டு வாரேன்."

"எப்பம்? எந்தப் படத்த முடிச்சிட்டு?"

அப்பா என் பக்கம் திரும்பினார். என் தலையில் கை வைத்து, "நல்லாப் படிக்கியா?" என்றார். நான் தலையாட்டினேன். யாரிடமோ சொல்லி ஒரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸ் வாங்கி என் கையில் கொடுத்தார். யூனிட் வேன் அவரை ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டில் இலை அறுத்து வைத்திருந்தாள் அம்மா. மாமா நடந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்தார். அம்மா சொதியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே கேட்டாள். முடிச்சிட்டு வாரேன்னு சொன்னாரா என்று மட்டும் என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். தேங்காய்ப் பால் சொதி மறுநாளைக்குத் தாங்காது. மறுநாள் புதிதாக வைத்தாள். அதற்கு மறுநாளும் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த வாரம் முழுக்கச் சொதி சாப்பிட்டோம். ஷூட்டிங்காரர்கள் போய்விட்டார்கள் என்று மாமா வந்து சொன்ன அன்று ரசம் வைத்தாள்.

தீபாவளியை ஒட்டி அந்தப் படம் எங்கள் ஊர் தியேட்டருக்கு வந்தது. அப்பாவின் எந்தப் படத்தையும் பார்க்கப் போகாத அம்மா, "கெளம்புட்டி" என்றாள்.

அந்தக் காட்சி வந்தது. அந்தப் பிள்ளை கூப்பிட்டது. திரை முழுக்க அப்பாவின் மூடிய கண்கள். அவ்வளவு நேரம் காட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. "எந்திரிச்சிரப்படாதா" என்று பின்னால் ஒரு பொம்பளை அழுதாள். அம்மா அழவில்லை. முன்னால் சாய்ந்து அந்த முகத்தையே பார்த்தாள், எழுதிப் போட்டிருப்பதைப் படிக்கிற மாதிரி. காட்சி மாறியதும் எழுந்துவிட்டாள். இடைவேளைகூட வரவில்லை.

வெளியே ரோடு நனைந்து கிடந்தது. கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு என்னிடம் இல்லை, ரோட்டிடம் சொல்கிற மாதிரி, "பதில் சொல்லிட்டாருல்லா" என்றாள்.

"அவரு எங்கம்மா பேசுனாரு? செத்துல்லா கெடந்தாரு."

"ஆமா" என்றாள் அம்மா.

நான் பிறந்ததிலிருந்து படமே பார்க்காத ஆள், படம் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.