அம்மாவின் கையும் மாமாவின் டிவிடியும்

உதடு அசைந்து முடிந்த பிறகு சத்தம் வருகிற வீடியோவை என்னால் இன்றைக்கும் பார்க்க முடியாது. பெருங்குடி ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது யாருடைய முகமாவது திரையில் இப்படிப் பேசினால் மற்றவர்கள் சிரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். எனக்குக் காது சூடாகும். "நெட் ஸ்லோ, அவ்ளோதானே, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். அவ்வளவுதான் இல்லை. அப்படிப்பட்ட ஒரு டிவிடியால் எங்கள் வீட்டில் ஒரு மார்கழி போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அடையாறில் மாடி வீடு. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் முறையாகப் பாட்டுக் கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு, அப்பா ஆபீஸ் போனபின் குக்கரோடு போட்டி போட்டுப் பாடுவதோடு சரி. ஒரு சானலில் காலை வேளையில் புதியவர்களைப் பாடவைக்கும் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. அதற்கு அம்மா ஒருவரிடமும் மூச்சு விடாமல் எழுதிப் போட்டாள். கூப்பிட்டார்கள். எனக்குப் பரீட்சை, நான் போகவில்லை. போய்ப் பாடிவிட்டு வந்த அம்மா, பட்டுப்புடவையை மாற்றாமலே தோசை வார்த்தாள்.

அப்பாவுக்கு ஓர் அக்கா. மயிலாப்பூர் மாட வீதியில் இருந்துகொண்டு அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் குடும்பத்தில் சங்கீதத்தைப் பற்றி அத்தை சொன்னால் அதுதான் தீர்ப்பு, அப்பீல் கிடையாது. அத்தைக்குத் தெரிந்த ஒரு சபாவில் மார்கழிக்கு மதியக் கச்சேரியில் புதியவர்களை எடுக்கிறார்கள், பாடிய வீடியோ ஒன்று கொடுத்தால் போதும். "டிவில வரதையே ஒரு டிவிடி போட்டுக் குடு. நான் செக்ரட்டரிகிட்ட சேத்துடறேன்" என்று அத்தையே சொன்னாள். அன்றைய சாம்பாரில் அம்மா இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

டிவிடி போடும் வேலை மாமாவிடம் போனது. அம்மாவின் தம்பி, தி.நகர்வாசி. கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் அவரே. எங்கள் கம்ப்யூட்டருக்குள் டிவி ட்யூனர் கார்டு ஒன்றைச் சொருகி, கேபிள் வயரை அதில் மாட்டி, நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று ரெக்கார்ட் பண்ணினார். பிறகு படத்தையும் சத்தத்தையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்தார், விளம்பரங்களை வெட்டினார், திரும்ப ஒட்டினார். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிச்சப் பொழுது முழுக்க மெனுவுக்குத்தான். டிவிடியைப் போட்டதும் ஒரு தாமரை சுற்றிக்கொண்டே மலரும், தங்க எழுத்தில் அம்மாவின் பெயர் பறந்து வந்து உட்காரும். தாமரை ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது என்று மூன்று தடவை திருத்தினார். பாட்டை ஒருதடவைகூட முழுசாகப் போட்டுப் பார்க்கவில்லை. ஹார்ட் டிஸ்கில் இடம் அடைக்கிறது என்று முதலில் ரெக்கார்ட் பண்ணினதை அன்றைக்கே அழித்தும்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பிட வந்தாள். சாப்பாடானதும் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். தாமரை மலர்ந்தது. "பேஷ்" என்றாள் அத்தை. மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

முதல் பாட்டு நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவதில் அம்மாவின் உதட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவே ஏதோ இடறியது. யாரும் கவலைப்படவில்லை. டப்பிங் சீரியல் பார்த்துப் பார்த்து உதடு பொருந்தாமல் இருப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது. ஆனால் மயிலாப்பூரில் பாட்டுக் கேட்கிறவர்கள் உதட்டையா பார்ப்பார்கள்? தொடையில் விழும் கையைப் பார்ப்பார்கள். கடைசிப் பாட்டில் அம்மாவின் கை தாளம் தொடங்கும் சமத்தில் தட்டிவிட்டு, விரலையும் எண்ணத் தொடங்கியபிறகுதான் மிருதங்கம் வந்து சேர்ந்தது. அத்தையும் தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். அந்தக் கை நின்றதை அம்மா பார்த்ததை நான் பார்த்தேன்.

"மொதல் பாட்டு தேவலை" என்றாள் அத்தை. "போகப் போகக் கை ஓடறதே. டென்ஷன். புதுசா பாடறவாளுக்கு வரதுதான்."

"அது கை இல்லை அத்தை. சத்தம் பின்னாடி வரது. மாமா ஒட்டினது தப்பு" என்றேன்.

"நான் ஒட்டினதுல தப்பா? கம்ப்யூட்டர்ல பார்த்தப்போ கரெக்டா ஓடித்தேடி" என்றார் மாமா.

"மிருதங்கக்காரர் கையைப் பாருங்கோ. அதுவும்தான் முன்னாடி விழறது."

அத்தை சிரித்தாள். "அவர் பாவம், இவளை அனுசரிச்சுண்டு போறார்டி."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அனுசரித்துப்போகிறவர் கை எப்படித் தன் சத்தத்துக்கு முன்னால் விழும்? வாசித்த பிறகு யோசித்துச் சத்தம் போடுமா மிருதங்கம்? இதைக் கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை என்பது அப்பாவின் முகத்தில் தெரிந்தது. அப்பா பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டார். அம்மா காபி போட எழுந்தாள். யாரும் காபி கேட்டிருக்கவில்லை.

"ஒரு வருஷம் நன்னா தாளம் போட்டுப் பழகட்டும். இதை எடுத்துண்டு போய்க் குடுத்தா என் பேர்னா கெடும்" என்று அத்தை டிவிடியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நாள் இன்னும் இருந்தது. அந்த வாரக் கடைசிவரை சபாவில் வாங்கிக்கொள்வார்கள்.

மறுநாள் வசூலுக்கு வந்த கேபிள்காரரை மாடிப்படியிலேயே மடக்கினேன். திரையில் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைகிறதே, அவர் சிக்னலில்தான் கோளாறு என்பது என் கட்சி.

"இன்னா பாப்பா, காலங்காத்தால பஞ்சாயத்தா? படம் தெரிதா?"

"தெரியுது."

"சவுண்டு கேக்குதா?"

"கேக்குது."

"அப்பால இன்னா? ரெண்டும் வந்துக்கினுதான கீது."

"ரெண்டும் சேர்ந்து வரணும்."

"அதெல்லாம் டிவிக்காரன் வேலை பாப்பா. நான் வெறும் வயரு" என்று சொல்லிவிட்டு அவர் மேல்வீட்டுக்குப் போனார்.

அந்த மனிதரிடம் சண்டை போட்டதில் ஒரு பிரயோஜனம் இருந்தது. கட்டம் கட்டமாக உடையும் இடங்களைப் பற்றி யோசித்துக்கொண்டே ஸ்கூல் போனேன், திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நல்லவேளை, மாமா பிரித்து வைத்த படமும் சத்தமும் மட்டும் ஒரு ஃபோல்டரில் மிச்சமிருந்தன. முதலில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனத்தை நானும் செய்தேன். சத்தம் மொத்தத்தையும் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். கடைசிப் பாட்டு சரியாயிற்று, முதல் பாட்டு கெட்டது. பாதி இழுத்தேன். நடுப்பாட்டு மட்டும் சரியாயிற்று, இரண்டு ஓரமும் கெட்டது. கீபோர்டைத் தூக்கிப் போட்டிருப்பேன், அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்ததால் போடவில்லை.

அப்புறம் ஓர் இடத்தில் பிடிபட்டது. கேபிள் சிக்னல் உடையும் கணத்தில் கம்ப்யூட்டர் அந்தப் படங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. சத்தத்தை மட்டும் விடாமல் எடுத்துக்கொள்கிறது. படம் குறைகிறது, சத்தம் குறைவதில்லை. ஆகவே ஒவ்வோர் உடைசலுக்குப் பிறகும் படம் சத்தத்தைவிட இன்னும் கொஞ்சம் முன்னால் போய்விடுகிறது. அம்மாவின் கை ஓடவே இல்லை. படம்தான் படிப்படியாக ஓடியிருக்கிறது. மொத்தமாக இழுத்தால் எப்படிச் சரியாகும்? ஒவ்வோர் உடைசலிலும் சத்தத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நகர்த்தவேண்டும்.

நகர்த்தினேன். 'ம' என்று பாடவேண்டுமானால் உதடு மூடியே தீரவேண்டும், அம்மாவாக இருந்தாலும் யாராக இருந்தாலும். 'ம' வரும் இடமெல்லாம் படத்தை நிறுத்தி, உதடு மூடும் படத்தோடு சத்தத்தைப் பொருத்தினேன். அதற்குப் பிறகு கையைப் பார்த்தேன். தட்டு, விரல்கள், வீச்சு. நான் தொடவே தொடாத அந்தக் கை, ஒவ்வொரு முறையும் மிருதங்கத்தின்மேல் நேராக வந்து விழுந்தது. ஸ்கூல், ஹோம்வொர்க், டியூஷன் எல்லாவற்றையும் ஏமாற்றி வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது டிவிடியைப் போட்டு முடித்தேன். மெனு வைக்கவில்லை. தாமரையைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துத் தனியாக அத்தை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் குட்டிப் பிள்ளைகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். டிவிடியை நீட்டி, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல் உடைவது, படம் காணாமல் போவது, துண்டு துண்டாக நகர்த்தினது. அத்தை பொறுமையாகக் கேட்டாள். பிள்ளைகளுக்கு விட்டுப்போகாமல் தொடையில் தாளமும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ இதுல தாளம் சரியா இருக்கும்."

"கரெக்டா இருக்கும் அத்தை. ஒரே ஒரு தடவை பாருங்கோ."

"நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து சரி பண்ணியிருக்கே."

"ஆமாம்."

"அதைத்தான் சொல்றேன். பாடறப்போ தாளம் தப்பினதை நீ கம்ப்யூட்டர்ல நேராக்கிண்டு வந்திருக்கே. அம்மாமேல பாசம், வாஸ்தவம்தான். அதுக்காக நான் சபாக்காராகிட்ட பொய் சொல்லலாமா?"

எனக்குப் பேச்சு வந்தது, நிறைய வந்தது. நான் நகர்த்தினது சத்தத்தை, கையை அல்ல என்றேன். மொத்தமாக நகர்த்தினாலும் துண்டாக நகர்த்தினாலும் தப்பாகப் போட்ட தாளம் பொருந்தாது என்றேன். உங்களுக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை என்றும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் பாடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தை அந்த டிவிடியை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்து, "சாப்ட்டுட்டுப் போறியா?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே அவளை நான் மன்னிக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் போன் வந்துவிட்டிருந்தது. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"பெரியவாகிட்ட பேசற பேச்சா அது?"

"அத்தை தப்பா சொன்னா."

"அவளுக்குத் தெரியாத சங்கீதம் உனக்குத் தெரிஞ்சுடுத்தா?"

"சங்கீதம் இல்லைப்பா, இது கம்ப்யூட்டர். வாங்கோ, போட்டுக் காட்டறேன்."

"ஒண்ணும் காட்ட வேண்டாம். இதோட விடு. இந்தப் பேச்சே வேண்டாம்."

விட்டேன் என்று நினைத்தார். சபாவில் அன்றோடு வாங்குவதை முடித்துவிட்டார்கள். அந்த மார்கழியில் அம்மா பாடவில்லை. தாளம் போதாது என்பது மெதுவாகக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. கல்யாண வீடுகளில் யாராவது பாடச் சொன்னால் அம்மா சிரித்து மழுப்பினாள். டிவிடி போட்ட மாமாவை எல்லோரும் மெச்சினார்கள். தாமரை அவ்வளவு அழகாம்.

அப்பா கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஹாலில் உட்காரவைத்து என் டிவிடியைப் போட்டேன். முதலிலிருந்து கடைசிவரை அசையாமல் பார்த்தாள். கடைசிப் பாட்டில் அவள் கை தானாகத் தொடைக்குப் போயிற்று. திரையில் ஒரு கை, இங்கே ஒரு கை, இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

"நன்னா பண்ணியிருக்கேடி" என்றாள்.

"அப்பாகிட்ட காட்டலாம்மா. அப்பா ஒரு தடவை பார்த்துட்டா அத்தைகிட்ட சொல்லிடுவார்."

"அப்பாவுக்கு எதுக்குக் காட்டணும்?" அம்மா ரிமோட்டைத் தேடி டிவியை நிறுத்தினாள். "அன்னிக்கு லீவு போட்டுண்டு என்கூட வந்தாரே. ஸ்டுடியோல கண்ணாடிக்கு அந்தண்டை உக்காந்து, மொதல் பாட்டுலேர்ந்து கடைசிவரைக்கும் அவரும் தாளம் போட்டுண்டுதான் இருந்தார்."

இது எனக்குப் புதுச் செய்தி. எனக்கு ஒரே குதூகலம். நேரில் கேட்ட ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறார், இந்த டிவிடியே தேவையில்லை, அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அத்தை வாயடைத்துப் போவாள் என்று குதித்தேன். அம்மா கொடியில் காய்கிற துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிக்காமல்தான் அப்படிப் போகிறாள், எங்கேயோ ஒரு துண்டை நான் சரியாக நகர்த்தவில்லை, பாடினவளுக்கு அது தெரிந்துவிட்டது, என் மனம் நோகும் என்று சொல்லாமல் போகிறாள் என்று தோன்றியது. டிவிடியை மறுபடி முதலிலிருந்து போட்டு, தப்பு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.