ரிங் நின்ற கோடு

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் ஃபிட்டராக இருந்தேன். ஒருநாள் காலை சிவராமண்ணன் தன் பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். சட்டையில் ஆஸ்பத்திரி வாடை. மூன்று வாரம் முன்பு நான் வேலை செய்து கொடுத்த துப்பாக்கி அது.

அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். குழல் வாயில் சேறு அடைத்தது தெரியாமல் அவர் சுட்டதில் பேரல் நுனி வீங்கிவிட்டது. லைசன்ஸில் நீளத்தை அவர் திருத்தி வாங்கி வந்த பிறகு இரண்டு அங்குலம் அறுத்தோம். அவ்வளவு குறைத்தால் வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் நுனியிலுள்ள இறுக்கம், அதாவது சோக், அதோடு போய்விடும். ஈய ரவை அகலமாகச் சிதறும். அதனால் ரிங்கைத் திருப்பி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சோக் ஒன்றைப் பொருத்தினேன். அட்டையில் சுட்டு ரிங்கிலுள்ள ஒவ்வொரு கோடாகச் சோதித்தேன். கடைசிக் கோடு ‘ஓப்பன்’, இறுக்கமே இல்லாதது. அண்ணன் கேட்டதோ முழு இறுக்கமான ‘ஃபுல்’. திருப்பி வைக்காமல் எண்ணெய் துடைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் தோட்டத்தில் வெறிநாய் புகுந்திருக்கிறது. அவர் தம்பி கழியோடு அதை வேலியோரம் மடக்கி நின்றான். நாய்க்கும் அவனுக்கும் நாலடி. பழகிய துப்பாக்கி, எப்போதும்போல் இறுக்கமாகப் போகும் என்று நம்பி அண்ணன் நாற்பது கஜத்திலிருந்து சுட்டார். நாய் செத்தது. தம்பிக்கு இடது கண் போனது.

“நீ சரியா நோக்கித்தானே தந்தே?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

சாக்கைப் பிரித்தேன். ரிங் ஓப்பனில் நின்றது. நான் வாய் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். கடையிலிருந்து ஃபுல்லில்தான் போனது, கைபட்டுத் திரும்பியிருக்கும் என்றார்.

அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “அப்போ இங்கேயிருந்து கொண்டுபோறச்சே நான்தான் திருப்பிட்டேனா?” என்றார்.

“இருக்கலாம் அண்ணா” என்றேன்.

துப்பாக்கியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு வாடிக்கையாளரே ரிங்கின் கோட்டைப் படித்துச் சொல்லாமல் ஒரு துப்பாக்கியும் என் கையைவிட்டுப் போனதில்லை. கவனமான ஃபிட்டர் என்று பெயர் வாங்கினேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். கை தவறும்; எல்லோருக்கும் தவறும். அந்த நிமிஷமே ‘நான்தான்’ என்று சொல்லிவிடுங்கள். சிவராமண்ணன் கடைசிவரை தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர் தலைகுனிந்து நடந்தது என் தப்புக்காக.