டிவிக்காரர்கள் கொண்டுவந்த வெளிச்சம்

வேலுவுக்குத் தொலைக்காட்சி என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவர் திங்கள் தொடங்கி வெள்ளி வரை சாயங்காலம் ஏழு மணிக்கு டாண் என்று அதன் எதிரே போய் உட்கார்ந்தார். எல்லாம் ஒரு தெருவிளக்குக்காக.

பெர்மாஸ் ஜெயாவில் வீடு. பாசிர் கூடாங்கில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை முப்பத்தொரு வருடமாக ஓட்டுகிறார். போகும் வழியில், பெருஞ்சாலை ஓரம், ஒரு நிறுத்தத்தில் பதினான்கு பெண்கள் ஏறுவார்கள். கூரை கிடையாது, உட்கார இடம் கிடையாது, விளக்கும் கிடையாது. பின்னால் ஆளை விழுங்கும் சாக்கடை, முன்னால் துறைமுகத்துக்குப் பறக்கும் லோரிகள். காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே தன் கையே தனக்குத் தெரியாது. அதனால் வேலு ஒரு பழக்கம் வைத்திருந்தார். பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, பஸ்ஸைத் தள்ளி நிறுத்தி, முன்விளக்கு இரண்டையும் நிறுத்தத்தின் மேல் எரியவிடுவார். கடைசிப் பெண் ஏறும்வரை அணைக்க மாட்டார்.

போன வருடம் ஒரு நாள் டயர் வெடித்து அவர் வரத் தாமதமாகிவிட்டது. அன்றைக்குத்தான், அந்த இருட்டில் நின்ற பெண்களில் ஒருத்தியான மலரை ஒரு மோட்டார் சைக்கிள் தூக்கி அடித்தது. இடுப்பில் கம்பி வைத்து நான்கு மாதம் படுத்துக் கிடந்தாள். இப்போதும் ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் படியேறுகிறாள். அந்த நேரத்தில் வேலு பஸ்ஸின் கண்ணாடியில் அவளைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பார், ஆனால் பார்த்துவிடுவார்.

விளக்கு கேட்டு மூன்று மனு எழுதியாயிற்று. மனுவை வாங்கி மேலிடத்துக்குக் கொண்டுபோவது சதாசிவத்தின் வேலை. குடியிருப்பாளர் சங்கத் தலைவர், எல்லா அலுவலகத்திலும் ஆள் தெரிந்தவர். மூன்று மனுவுக்கும் அவர் சொன்னது ஒரே பதில்தான்: "பார்க்கலாம்."

இந்த நிலையில்தான் அரசாங்கத் தொலைக்காட்சியிலிருந்து ரூபேந்திரன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். உழைப்பாளிகளைப் பற்றி ஒரு வாரம் முழுக்க நிகழ்ச்சியாம். 'வியர்வையின் வாரம்' என்று பெயர். ஐந்து நாள், ஐந்து பேர். வேலுவும் ஒருவர்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. அந்த ஸ்டாப்ப மட்டும் காட்டுங்க. லைட்டு இல்லன்னு நாடு பாக்கட்டும்."

"கண்டிப்பாண்ணே. அதான் நம்ம ஸ்டோரியே."

வேலு பூரித்துப்போனார். பஸ்ஸில் ஏறிய பெண்களிடமெல்லாம் அறிவித்தார்: "புதன்கிழமை டிவி வருது. எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டு வாங்க லா. நம்ம மானம் போயிடக் கூடாது." அவர்களும் வந்தார்கள். தொழிற்சாலைச் சீருடையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பஞ்சாபி சூட்டும் பட்டுச் சேலையுமாக, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். இருட்டில் கேமராவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ரூபேந்திரனின் ஆட்கள் ஜெனரேட்டரை இறக்கி, ஆளுயரத்துக்கு இரண்டு விளக்கைப் போட்டார்கள். நிறுத்தம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்த இடத்தை அவ்வளவு வெளிச்சத்தில் வேலு பார்த்ததே இல்லை. மனசு குளிர்ந்து நின்றார், பாவம்.

ஒளிபரப்பு வாரம் வந்தது. திங்கட்கிழமை கெலாங் பாத்தாவில் முடிவெட்டுகிறவர் ஒருவரைக் காட்டினார்கள். மனிதர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில், "இப்ப உங்க அம்மா உயிரோட இருந்திருந்தா?" என்று கேட்டு, அவர் கண் கலங்கியதும் கேமரா மூக்கருகே போய் நின்றுகொண்டது. பின்னால் வயலின் வேறு. அவர் எத்தனை வருடமாக வெட்டுகிறார், கடை எப்படிப் போகிறது, ஒன்றையும் கேட்கவில்லை.

"தூ" என்றார் வேலு.

"உங்களையும் அழவெச்சானா?" என்று கேட்டாள் அவர் மனைவி பேச்சியம்மாள், வெங்காயம் உரித்தபடி.

"எட்டுத் தடவ நடக்கவெச்சான். அழச் சொல்லல."

செவ்வாய்க்கிழமை மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி. அரை மணி நேரத்தில் ஒரு மீன் கூடக் கண்ணில் படவில்லை. அந்த அம்மாளை உட்கார்த்திக் கோலம் போடவைத்திருந்தார்கள். புதன்கிழமை யார் உழைப்பாளி என்றே தெரியவில்லை. யாரோ ஒரு பெரிய மனிதர் அரிசிப் பையும் எண்ணெயும் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாங்குகிறவர்கள் கேமரா சரியாகும்வரை ஆளுக்கொரு பையைப் பிடித்தபடி காத்து நின்றார்கள். அதில் ஒரு கிழவி கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்து பையை வாங்கிக் கீழே வைக்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வேலு சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். வியாழக்கிழமை பேட்மிண்டன் போட்டி நீண்டுபோய் நிகழ்ச்சியையே காணோம். அன்று ஒரு நாள்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

"நாளைக்கு நம்மளுது" என்று பஸ்ஸில் சொல்லியிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பதினான்கு வீட்டிலும் டிவி எரிந்தது.

முதலில் சரிகை ஜிப்பா போட்ட ஒருவன் வந்து கும்பிட்டான். பிறகு ஒரு கனத்த குரல், "ரப்பர்க் காட்டின் கண்ணீரில் பிறந்து, விடியலை நோக்கி விரைந்த வேங்கை இவர்!" என்றது. வேலு ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் தோட்டத்தைவிட்டு வந்துவிட்டது. ரப்பர்ப் பாலை அவர் கிட்டத்தில் பார்த்தது கூட இல்லை. இதை ரூபேந்திரனிடம் சொல்லியும் இருந்தார். திரையில் அவர் நடந்தார். மறுபடி நடந்தார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அவர் பேசிய இடத்தில் எல்லாம் வயலின்தான் பேசியது.

கடைசியாக நிறுத்தம் வந்தது. வேலு நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

பளபளவென்று வெளிச்சம். பட்டும் பூவுமாகப் பதினான்கு பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மலரை மட்டும், காலை மறைத்து, ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். "ஒளி பொங்கும் அதிகாலை! புன்னகையோடு காத்திருக்கும் நம் பெண்கள்!" என்றது குரல். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுத்து ஓடியது, முடிந்தது.

பேச்சியம்மாள் டிவியை அணைத்தாள். பிறகு, "யார் வீட்டுக் கல்யாணத்துக்குங்க நிக்கிறாங்க?" என்றாள்.

அவருக்கு ரூபேந்திரன் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம். நல்லா உடுத்திக்கிட்டு வாங்க என்று சொன்ன வாய் யாருடைய வாய்? அந்த விளக்குக்கு அடியில் நின்று பல்லைக் காட்டியது யார்?

அந்த நேரத்தில் சதாசிவம் போனில் கூப்பிட்டார். "வேலு! பாத்தேன் லா, சூப்பர்! ஆனா ஒண்ணு, அங்கதான் பகல் மாதிரி லைட்டு இருக்கே? இனிமே நான் எந்த முகத்தோட மனு கொடுக்கிறது? மேலிடத்திலயும்தான் டிவி பாத்திருப்பாங்க."

வேலுவின் காது கொதித்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்கு ஸ்டாப்புக்கு வாங்க தலைவரே. வரலைன்னா பதினாலு பேரையும் பஸ்ஸோட உங்க வீட்டு வாசலுக்குக் கொண்டாந்துடுவேன்."

சனிக்கிழமையும் தொழிற்சாலை உண்டு. சதாசிவம் கொட்டாவி விட்டபடி காரில் வந்து இறங்கினார். பஸ்ஸின் வெளிச்சத்தில் நிறுத்தம் நன்றாகவே தெரிந்தது. "இருக்கே லா லைட்டு" என்றார்.

வேலு பெண்களை எல்லாம் ஏறச் சொன்னார். நேற்றைய நிகழ்ச்சிக்குப் பிறகு யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மலர் மட்டும் ஏறவில்லை. "நான் தலைவர் கூட நிக்கிறேண்ணே" என்றாள். சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி இருவரும் நின்றதைப் பார்த்துக்கொண்டு, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, கடைசிப் பெண் ஏறும் முன்பே வேலு முன்விளக்கை அணைத்தார்.

நிறுத்தம் காணாமல் போயிற்று.

"அலமாக்! வேலு! என்ன செய்றே?" சதாசிவம் ஓரடி பின்னால் வைத்தார். காலின் கீழே தரை இல்லை. சாக்கடைக்குள் போகவிருந்தவரை மலர்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. காற்றில் அவர் தொப்பி பறந்தது. சதாசிவம் தடவித் தடவிக் கைப்பேசியை எடுத்து அதன் விளக்கைப் போட்டார். அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவருடைய செருப்பும் மலரின் வளைந்த காலும் மட்டும் தெரிந்தன.

"இது போதாதா மலர்? ஆளுக்கொரு போன் இருக்கில்ல?" என்றார், மூச்சு வாங்க.

மலர் அவர் சட்டையை இன்னும் விடவில்லை.

"அன்னைக்கு என் கையிலயும் இது எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சி தலைவரே."