ஷேரஸ்தெக்கு வேர் தேடிய வாரம்

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் நோர்வேயின் வடக்கே ஒரு மீன் பாக்டரியில் வேலை. நான் லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில். சாதகம் பொருந்திவிட்டது, படங்கள் கைமாறிவிட்டன. ஊரில் பெரியவர்கள் கலியாணமே முடிந்த மாதிரி நின்றார்கள். அவள் மட்டும் தமையனிடம், “அவரோடை கதைச்சுப்போட்டுத்தான் ஓம் எண்டு சொல்லுவன்” என்றிருக்கிறாள். இல்லையென்றுவிடுவாளோ என்று பயந்தேன். படத்திலேயே அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் போன் எடுப்பேன். அவள் குளிரைச் சொல்வாள், நான் மழையைச் சொல்வேன். மூன்றாம் ஞாயிறு கேட்டாள்: “வேலையிலை உங்கடை படத்தைப் பார்த்திட்டு, இவர் உம்மடை ஷேரஸ்தெயோ எண்டு கேட்கினம். நான் என்ன சொல்லுறது?”

“அப்பிடியெண்டால் என்ன?”

“படிச்ச ஆள்தானே, தேடிப் பாருங்கோவன்.” எழுத்துக்கூட்டியும் சொன்னாள்.

படிச்ச ஆள் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் நூலகத்துக்கு ஓடினேன். நோர்வே அகராதியில் ‘காதலன் அல்லது காதலி’ என்று இருந்தது. காது சூடாகிவிட்டது. கலியாணம் பேசிய பெண்ணிடம் இதை எப்படி வாயால் சொல்வது? கொஞ்சம் பழைய அகராதிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ‘மிகவும் அன்பானவர்’ என்பது அடிக்கருத்து. நோர்வே மொழிக்கு முன்னால் பழைய நோர்ஸ், அதற்கு முன்னால் பழைய பிரெஞ்சு, அதற்கும் முன்னால் லத்தீன். லத்தீனில் ‘காருஸ்’ என்றால் அருமையானது, விலை கூடியது. நூலகப் பெண்மணிக்கும் உற்சாகம் பிடித்து, தூக்க முடியாத புத்தகமெல்லாம் தூக்கிவந்தார். ஒரு வாரம் அதே வேலை.

அடுத்த ஞாயிறு, எழுதிவைத்ததைப் பார்த்து அவ்வளவையும் ஒப்புவித்தேன்.

“ரோமாபுரி வரைக்கும் போட்டு வந்திட்டியள்,” என்றாள். “அந்தச் சொல்லின்ரை கருத்து எனக்கு எப்பவோ தெரியும். வேலையிலை கேட்கிற ஆக்களுக்கு ஓம் எண்டு சொல்லட்டோ, இல்லையெண்டு சொல்லட்டோ? அதைத்தானே கேட்டனான்.”

என்னைப் போல மடையன் லண்டனில் இருந்திருக்க மாட்டான். “ஓம் எண்டு சொல்லும்,” என்றேன். “எனக்கு நீர் அதுதான்.”

“எது?”

விடுகிறதாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு “ஷேரஸ்தெ” என்றேன்.

உச்சரிப்புச் சரியில்லை, திருப்பிச் சொல்லுங்கோ என்றாள். சொன்னேன். இன்னொரு தரம் என்றாள். நாலாம் தரம் சொன்னபோதுதான் அவள் அழுகிறாள் என்று விளங்கியது.

“இனி அண்ணைக்குச் சொல்லுறன்,” என்றாள்.